அரசுக் காசநோய்ச் சிகிச்சை: ரப்பர் தோட்டத்துக் குடும்பமொன்றின் ஆறு மாதக் கணக்கு

என் அண்ணன் 2025 மார்ச் 17 அன்று காசநோய்க்கான முதல் வேளை மாத்திரையை விழுங்கினார். இடைவெளி இல்லாமல் சாப்பிட்டிருந்தால் 168 நாளில், அதாவது ஆகஸ்ட் 31 அன்று, சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ செப்டம்பர் 9 அன்றுதான். நடுவில் ஒன்பது நாள் அவர் மாத்திரையைத் தொடவில்லை. குமரி மாவட்டத்தில் அரசு நடத்தும் காசநோய்ச் சிகிச்சைச் சேவையைப் பற்றி, அதை ஆறு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதும் இந்த மதிப்புரையில் அந்த ஒன்பது நாளுக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். காரணம், அந்த ஒன்பது நாளும் பணத்தால் வந்தவை. அண்ணனுடைய அசட்டையால் வந்தவை என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அண்ணனுக்கு வயது 46. மாவட்டத்தின் வடக்கே மலையடிவாரத்தில், தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், மரம் மரமாகப் பட்டை சீவி, சிரட்டை வைத்து, பிறகு பால் எடுத்து முடிக்க முற்பகல் ஆகிவிடும். மழையில்லாத நாளில் 700 ரூபாய்க்குக் குறையாமல் கூலி கிடைக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. வருடத்துக்கு எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1,60,000 ரூபாய் வரும். மதினி வீட்டில் இரண்டு ஆடு வளர்க்கிறார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகள் எதற்கும் அரசு மருத்துவமனையில் ஒரு பைசாகூட வாங்கவில்லை. காலையில் கொடுத்த சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு முறையில் பரிசோதித்து, அன்று மாலையே காசநோய்க் கிருமி இருக்கிறது, ஆனால் அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்ற இரண்டு பதிலையும் சேர்த்துச் சொன்னார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்த வடிவம் இரண்டு மாதத்துக்கு. பிறகு பைராசினமைடு இல்லாத மூன்று மருந்து மாத்திரை நான்கு மாதத்துக்கு. அண்ணனின் எடை அப்போது 44 கிலோ என்பதால் நாளுக்கு மூன்று மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே எச்சரித்திருந்ததால் மறுநாள் காலை வீட்டில் பதற்றம் எதுவும் இல்லை. வீட்டிலுள்ள மற்றவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதித்து, நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தின் தரத்துக்கும் பரிசோதனையின் வேகத்துக்கும் நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் அந்த அரசுக் கதவை வந்து தட்டுவதற்கு முன்பே அண்ணன் 11,460 ரூபாய் செலவழித்திருந்தார். இருமல் வந்த புதிதில் மருந்துக் கடையில் சிரப். அது கேட்காமல் போனபோது ஒரு தனியார் கிளினிக். அங்கே ஐந்து வாரத்தில் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாற்றிக் கொடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள். சளியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆன்டிபயாட்டிக்குகளில் ஒன்று லெவோஃப்ளாக்சசின் என்பதைப் பிறகு சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காசநோய்க் கிருமியைக் கொஞ்சநாள் அடக்கிவைத்து நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடக்கூடிய மருந்து அது. கிளினிக்கின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இது ஒரு கிளினிக்கின் பிரச்சினை மட்டுமில்லை. 2012 முதல் காசநோயாளி யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான உத்தரவு; தனியாரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் அரசின் உதவித்தொகை உண்டு. அந்த ஐந்து வாரத்தில் இந்த இரண்டில் ஒன்றுகூட எங்கள் காதில் விழவில்லை. சிகிச்சை தொடங்கிய அன்றைக்கே வீட்டின் சேமிப்பு தீர்ந்துபோயிருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அங்கேதான்.

மதினி ஒரு காரியம் செய்தார். மகன் பாதி எழுதி விட்டிருந்த கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று வைத்து, மாத்திரை போட்டவுடன் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டு வந்தார். நோட்டின் பின்பக்கத்திலிருந்து செலவுக் கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்தன. இந்த மதிப்புரையில் வரும் தொகை எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் எடுக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் அண்ணனால் வேலைக்குப் போக முடியவில்லை. காய்ச்சலும் களைப்பும் விட்டபிறகுகூட, ஈர விறகு மாதிரி உடம்பு பிடிக்காமல் கிடந்தார். ஐம்பது நாள் கூலி, 35,000 ரூபாய், அதில் போயிற்று. 1990களின் இறுதியில் சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தார் தமிழ்நாட்டு நோயாளிகளிடம் விசாரித்து வெளியிட்ட ஆய்வில் சராசரியாக மூன்று மாத ஊதியம் போவதாகக் கண்டார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் நாள்கூலிக்காரருக்கு அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை என்பதை எங்கள் வீட்டில் பார்த்தேன். மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு, மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் போதும். பால் வெட்டுகிறவருக்கு அவருடைய மரங்களை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எடை 46.5 கிலோ ஆகியிருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. இந்த நோயில் மிக ஆபத்தான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, உடம்பு வேலைக்குக் கூப்பிடுகிறது, வீட்டிலோ கடன் சேர்ந்திருக்கிறது. மாத்திரை இனி நோய்க்கு எதிராக நிற்பதாகத் தோன்றாமல், வேலைக்குக் குறுக்கே நிற்பதாகத் தோன்றத் தொடங்கும் காலம் அது.

அண்ணன் மே மாதக் கடைசியில் தோட்டத்துக்குத் திரும்பினார். விடியற்காலை நான்கு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு மலைச்சரிவில் இறங்கினால் குமட்டும். இரண்டு மரம் தாண்டுவதற்குள் வாந்தி வரும். சாப்பிட்டுவிட்டுப் போடலாமென்றால் அந்த நேரத்தில் வீட்டில் கஞ்சி இருக்காது. ஜூன் 14 முதல் தென்மேற்குப் பருவமழை விடாமல் பிடித்துக்கொண்டது. பத்து நாள் வெட்டு இல்லை. வீட்டில் கிழங்கு இருந்தது, வேறு எதுவும் இல்லை. சுய உதவிக் குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டிய முறை. கையிலிருந்த பணத்தைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் போலாம், இப்ப உடம்புக்கு ஒண்ணுமில்லல்லா" என்று அண்ணன் சொன்னாராம். மதினியிடம் மட்டும் சொன்னார். மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கும் என்னிடம் சொல்லவில்லை; வெட்கம்தான் காரணம். நான் போன் செய்தபோதெல்லாம் மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்றே பதில் வந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர். மழைக்கோட்டோடு வீட்டுக்கு வந்தவர், பலகையில் உட்கார்ந்து அட்டைகளை வெளியே எடுத்துத் தரச் சொல்லி, காலி அட்டைகளை ஒரு பக்கமும் மிச்சமிருந்ததை இன்னொரு பக்கமுமாக அடுக்கினார். பிறகு கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒன்பது கட்டம் வெறுமையாக இருந்தது. மதினி பொய்யாக டிக் போட்டு வைக்கவில்லை.

"என்ன அண்ணே, ஒம்பது நாளு விட்டிருக்கீங்களே" என்றார். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கஞ்சி குடிக்காம போட்டா கொமட்டுது மக்ளே. கஞ்சிக்கும் வழியில்லாம இருந்துது. அதுக்காக்கும்" என்றார்.

அந்தப் பெண் அவரைத் திட்டவில்லை. மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அங்கிருந்தே மருத்துவரிடம் போனில் கேட்டுச் சொன்னார். அன்றிலிருந்து சிகிச்சை முடியும்வரை அண்ணன் ஒரு நாளும் தவறவில்லை. வேலை நேரம் என்ன என்று முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் குமட்டலில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம். பதிவு செய்யும்போது ஆதார் எண்ணிலிருந்து சாதிச் சான்று வரை கேட்டவர்கள், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது ஓர் ஊழியர் அட்டையைப் பார்த்து, "டிபால்ட் ஆயிட்டாரா?" என்று கேட்டார். வேண்டுமென்று புண்படுத்தியதாக நான் நினைக்கவில்லை, வழக்கத்தில் வந்த சொல். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த தவணைக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார். கடன் கட்டாதவரைச் சொல்வதுபோல நோயாளியைச் சொல்லக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருள் வரும் சொல்லை வைத்தது. நம் ஊர்ச் சிகிச்சை மையங்களிலும் அந்தப் பழைய சொல் மறைய வேண்டும். அன்று திரும்பி வரும் பேருந்தில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

உதவித்தொகைக்கு வருகிறேன். காசநோயாளியின் சத்துணவுக்கான மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள்; 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கினார்கள். சிகிச்சை தொடங்கும்போதே மூன்று மாதத்துக்கான 3,000 முன்பணமாகவும், 84 நாள் முடிந்தபின் இன்னொரு 3,000 ரூபாயாகவும் நேராக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். திட்டத்தை வகுத்தவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள்: சேமிப்பு தீர்ந்து, கூலி நின்றிருக்கும் நேரத்தில் முதல் தவணை. எங்களுக்கு அந்த முதல் 3,000 ரூபாய் ஜூன் 27 அன்று வந்தது. மாத்திரை விட்டுப்போன நாட்களுக்குப் பிறகு. அண்ணனின் கணக்கு பல வருடம் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடந்ததும், ஆதாரோடு இணைக்காமல் இருந்ததும் காரணம் என்று தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று. வங்கிக் கிளையில் மருத்துவமனையைக் கேளுங்கள் என்றார்கள், மருத்துவமனையில் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். அதற்காக மட்டும் நான் மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். என்னைப்போல ஒருவர் இல்லாத வீட்டில் அந்தப் பணம் எப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. இந்தப் பகுதிக்கு என்னால் பாதி மதிப்பெண்கூடத் தர முடியாது.

போக்குவரத்துச் செலவு 2,340 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் மழைக்காலத்தில் அதுதான் கையில் இல்லாமல் போயிற்று. சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், பிற்பாடு மாத்திரை வாங்க மதினியே தனியாகப் போய்வந்தார். எடை பார்க்கும் மாதத்து முறைக்கு மட்டும் அண்ணனும் போனார். காசநோய்க்கு என்று கொண்டுவரப்படாத ஒரு திட்டம் எங்கள் வீட்டுச் சிகிச்சையை இப்படித் தாங்கிப் பிடித்தது. ஒரு கட்டத்தில் ஒரு மாத மாத்திரைக்குப் பதிலாகப் பத்து நாளுக்கு மட்டுமே கொடுத்தார்கள்; இருப்பு குறைவு என்றார்கள். மருந்து ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், 2024இல் நாட்டின் பல பகுதிகளில் அதுவும் நடந்தது. ஆனால் பத்து நாளுக்கு ஒரு முறை என்றால் செலவும் அலைச்சலும் மூன்று மடங்கு என்பதை மருந்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு வாந்தி அதிகமாகி, மஞ்சள் காமாலையோ என்று பயந்து, கல்லீரல் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகத்தில் 650 ரூபாய் கொடுத்தோம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது இலவசம், ஆனால் இரண்டு பேருந்து மாறிப் போகும் நிலையில் அண்ணன் இல்லை. வயிற்றெரிச்சல் மருந்து, சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து இந்த வகையில் 1,900 ரூபாய்.

ஆசாரிபள்ளம் என்றதும் எங்கள் அம்மாவின் தலைமுறைக்கு டி.பி. ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் நோயாளியை மாதக்கணக்கில் அங்கே படுக்க வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகும் என்பதை 1959இல் வெளியான சென்னை ஆய்வு உலகத்துக்கே காட்டியது. தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் ஆய்வு அது, அதனால்தான் என் அண்ணன் பிள்ளைகளை விட்டுப் பிரியாமல் இருக்க முடிந்தது. ஆனால் மருத்துவமனையில் படுக்கையோடு சோறும் கிடைத்தது. சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது மாத்திரை மட்டும் வந்தது, சோற்றுப் பொறுப்பு குடும்பத்தின் தலையில் ஏறியது. அந்த ஆய்வில் வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும் குணமானார்கள் என்பது உண்மை. அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. பசித்த வயிற்றில் குமட்டும் மாத்திரையை யாரும் பார்க்காத விடியற்காலையில் ஒருவர் தானாக விழுங்க வேண்டும் என்பது வேறு நிலைமை.

சாப்பாட்டுக்காக மட்டும் மதினி எழுதிவைத்திருக்கும் கூடுதல் செலவு 9,000 ரூபாய்: முட்டை, பால், பயறு, கிடைக்கும் நாளில் சாளை மீன், ஏத்தம்பழம். 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு ஒன்றில், நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அந்த வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வின் நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. முட்டைக்குப் போன பணம் வீண்போகவில்லை என்று இதைப் படித்தபோது மதினியிடம் சொன்னேன். அவர் அந்த முட்டையில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். எந்தத் தாய் கொடுக்கமாட்டார்? மாதம் 1,000 ரூபாயை நோயாளி ஒருவருக்கு மட்டும் என்று கணக்கிட்டவர்கள் ஒரு வீட்டின் அடுப்படியை நேரில் பார்க்க வேண்டும்.

நோட்டின் கடைசிக் கூட்டல் 59,700 ரூபாய். வந்த உதவி 6,000. ஒரு குடும்பம் காசநோய்க்காக இழப்பது அதன் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதை உலக சுகாதார நிறுவனம் பேரழிவுச் செலவு என்கிறது. அண்ணன் வீட்டில் 32,000 ரூபாயைத் தொட்டபோதே அந்த எல்லை வந்துவிட்டது. இத்தனைக்கும் எங்களுடையது சாதாரணக் காசநோய், மருந்துக்குக் கட்டுப்பட்ட கிருமி.

இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால், எந்தத் தயக்கமுமில்லாமல் ஆம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வேறெங்கும் பணம் கொடுப்பதற்கு முன் அரசு மருத்துவமனைக்குப் போய் சளிப் பரிசோதனை கேளுங்கள். எங்கள் செலவில் 11,460 ரூபாயை அந்த ஒரு காரியம் மிச்சப்படுத்தியிருக்கும். போகும் முன்பே வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தவணை ஒரு மாதத்தில் வரவில்லையென்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். வேலைக்குப் போகும் நேரத்தை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கையில் காசில்லாமல் ஒரு முறை தவறவிட நேர்ந்தால் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை வீடு தேடி வரவும் வழி உண்டு.

செப்டம்பர் 9 அன்று அண்ணனின் எடை 49 கிலோ. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கு தேதியையும் மதினி கணக்கு நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அண்ணனுடைய பேருந்துக் கட்டணத்தையும் குறித்து வைத்திருக்கிறார்.